கேம் சென்சாரைக் குற்றம் சொல்லும் முன்

பி0340 என்ற எண் ஸ்கேனரில் வந்துவிட்டால் பல வொர்க்‌ஷாப்களில் அடுத்து நடப்பது ஒன்றுதான். கேம் சென்சாருக்கு ஆர்டர் போய்விடும். பல வண்டிகள் அதோடு சரியாகியும் விடுகின்றன. சரியாகாத வண்டிகள் புது சென்சாரோடும் அதே பழைய எண்ணோடும் திரும்பி வருகின்றன. அப்புறம் “இது டூப்ளிகேட், கம்பெனி சாமான் போடுவோம்” என்று இன்னொரு சென்சார். அதுவும் பலிக்காவிட்டால் “ஈசியு போயிடுச்சு சார்” என்ற தீர்ப்பு. வண்டிக்காரருக்குப் பல ஆயிரம் செலவு. கடைசியில் பிடிபடுவது எலி கடித்த ஒரு வயராகவோ பச்சை பூத்த ஒரு பின்னாகவோ இருக்கும்.

இந்தக் குழப்பத்தின் வேர் எளியது. ஈசியு என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் சென்சாரைப் பார்ப்பதே இல்லை. தன் பெட்டியில் உள்ள ஒரு பின்னில் வரவேண்டிய வோல்டேஜ் வரவேண்டிய நேரத்தில் ஏறி இறங்குகிறதா என்பதை மட்டுமே அது கவனிக்கிறது. அந்தப் பின்னுக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் நடுவே சப்ளை வயர், எர்த் வயர், சிக்னல் வயர், கப்ளர், சென்சார், அதன் முன்னால் சுழலும் பல் சக்கரம், அந்தச் சக்கரத்தைச் சுழற்றும் டைமிங் செயின் அல்லது பெல்ட் என்று எத்தனையோ இருக்கின்றன. இவற்றில் எது கெட்டாலும் கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஒரே சேதிதான். ஆகவே சென்சாரை மாற்றுவது சோதனையின் முடிவாக வரவேண்டும். நம் ஊரில் அது முதல் படியாகிவிட்டது.

கேம் சென்சார் எதற்கு என்பதைத் தொட்டுவிட்டுப் போகலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு முழு வேலை முடிய கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி, சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு பிஸ்டனும் இரண்டு தடவை உச்சிக்கு வருகிறது: ஒரு தடவை கம்ப்ரெஷன் முடிவில், மறு தடவை எக்ஸாஸ்ட் முடிவில். கிராங்க் சென்சாருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். பாதி வேகத்தில் சுழலும் கேம்ஷாஃப்ட்தான் எது எந்த உச்சி என்று பிரித்துச் சொல்ல முடியும். அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இந்தப் பேச்சே எழவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார் கேம் வேகத்திலேயே சுழன்று, எந்த சிலிண்டருக்கு நெருப்பு என்பதைத் தானே முடித்துவைத்தது. 2000-ஆம் ஆண்டில் இந்தியா 2000 விதிகளும் அதையொட்டிப் பெருநகரங்களில் பாரத் ஸ்டேஜ் 2 விதிகளும் வந்தபின் கார்புரேட்டர் விலகியது, டிஸ்ட்ரிபியூட்டரும் படிப்படியாக மறைந்தது, அந்த வேலை ஒரு சென்சாரின் தலையில் விழுந்தது. வால்வ் டைமிங்கை ஓட்டத்திலேயே மாற்றும் எஞ்சின்கள் வந்தபின் பொறுப்பு இன்னும் கூடிவிட்டது. கேம்ஷாஃப்ட் எத்தனை டிகிரி நகர்ந்திருக்கிறது என்று அளந்து சொல்வதும் இப்போது அதே சென்சார்தான். (ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் பெரும்பாலும் இது கிடையாது, மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்தோ கிராங்கின் வேகம் ஏறி இறங்குவதை வைத்தோ கம்ப்யூட்டர் கணித்துக்கொள்கிறது.)

சிக்னல் போனால் வண்டி என்ன செய்யும் என்பது தயாரிப்பாளர் எழுதிய புரோகிராமைப் பொறுத்தது. சில எஞ்சின்கள் நெடுநேரம் செல்ஃப் அடித்தபின் கிளம்பும். கிளம்பியபின் வித்தியாசமே தெரியாது. சில, ஓடிக்கொண்டிருக்கும்போது சென்சார் போனால் ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்தால் மறுபடி கிளம்பாது. காமன் ரெயில் டீசல்களில் சில அறவே கிளம்ப மறுக்கும். “கேம் சென்சார் போனா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது” என்று ஒருவரும் “அதெல்லாம் ஓடும்” என்று இன்னொருவரும் டீக்கடையில் அடித்துப் பேசினால், இருவரும் அவரவர் வண்டியைப் பொறுத்தவரை சரிதான்.

குறியீடுகளுக்கு வருவோம். அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலேயே கட்டாயமான ஓபிடி-2 என்ற சுயசோதனை முறை, இந்தியாவில் கார்களுக்கு 2013 ஏப்ரலில் கட்டாயமானது. அதன் பொதுக் குறியீடுகளில் கேம் சென்சார் குடும்பம் பி0340-இல் தொடங்குகிறது. பி0340 என்றால் சர்க்யூட்டில் கோளாறு. பி0341 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் எதிர்பார்த்த முறையில் இல்லை. பி0342 வந்தால் வோல்டேஜ் தாழ்ந்தே கிடக்கிறது, பி0343 வந்தால் உயர்ந்தே நிற்கிறது, பி0344 வந்தால் விட்டுவிட்டு வருகிறது. ஒரே பேங்கில் (சிலிண்டர் வரிசையில்) இரண்டாவது கேமுக்கு பி0365. கிராங்கும் கேமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதற்கு பி0016. இவற்றை ஒரே கூடையில் போட்டு “கேம் சென்சார் எரர்” என்று சொல்லிவிடும்போதே பாதித் தகவல் வீணாகிவிடுகிறது. பி0342 வந்த வண்டியில் முதலில் தேட வேண்டியது எர்த்தில் உரசும் வயர். பி0016 வந்த வண்டியில் மின்சாரத்தை விட்டுவிட்டு செயினைப் பார்க்க வேண்டியிருக்கும். பி0340-ஓடு இன்னும் இரண்டு மூன்று சென்சார்களின் எண்களும் சேர்ந்து வந்திருந்தால் அவற்றுக்குப் பொதுவான சப்ளையையோ எர்த்தையோதான் சந்தேகிக்க வேண்டும். ஒரே நாளில் மூன்று சென்சார்கள் தனித்தனியே சாவது அபூர்வம்.

எண்ணோடு சேர்ந்து பதிவாகும் ஃப்ரீஸ் ஃபிரேமை நம்மவர்கள் அதிகம் திறப்பதில்லை. பிழை விழுந்த கணத்தின் எஞ்சின் வேகம், கூலன்ட் வெப்பம், வண்டியின் வேகம் எல்லாம் அதில் இருக்கும். கூலன்ட் 100 டிகிரியை நெருங்கியபோது விழுந்த பிழைக்கும், காலையில் முதல் செல்ஃபில் 28 டிகிரியில் விழுந்த பிழைக்கும் தேடல் ஒன்றல்ல. முன்னது சூட்டில் திணறும் சென்சாரை நோக்கிக் கை காட்டுகிறது. பின்னது ஈரம் இறங்கிய கப்ளரையோ வலுவிழந்த பேட்டரியையோ காட்டலாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் 10-க்கும் கீழே விழும் வண்டியில் சென்சாரைச் சோதிப்பதே வீண், முதலில் பேட்டரி.

சோதனைக்குள் இறங்குமுன் எந்த வகை சென்சார் என்று தெரிந்தாக வேண்டும். இரண்டு வயர் இருந்தால் பெரும்பாலும் அது காந்தத்தின் மேல் சுற்றிய ஒரு காயில். பல் கடந்து போகும்போது காந்தப் புலம் மாறி, காயிலில் மின்னழுத்தம் எழுகிறது. ஃபாரடே 1831-இல் காட்டிய விதி இது. இதற்கு வெளியிலிருந்து சப்ளை வேண்டாம். தானே ஏசி வோல்டேஜ் தரும், வேகம் கூடக் கூட அதுவும் கூடும். மூன்று வயர் இருந்தால் ஹால் வகையோ காந்தத் தடை வகையோ. எட்வின் ஹால் 1879-இல் கண்டுபிடித்த விளைவை வைத்து, உள்ளே ஒரு சிறு ஐசி பல்லையும் பள்ளத்தையும் பிரித்தறிந்து, சிக்னல் வயரை எர்த்தோடு சேர்ப்பதும் விடுவதுமாக இருக்கிறது. இன்றைய கார்களில் கேமுக்குப் பெரும்பாலும் இதுதான்.

இந்த வேறுபாடு தெரியாமல் நடக்கும் பிழை ஒன்று எங்கும் பரவிக் கிடக்கிறது: மூன்று வயர் சென்சாரைக் கழற்றி, ஓம் மீட்டர் வைத்து “ரெசிஸ்டன்ஸ் காட்டல, சென்சார் போச்சு” என்பது. ஓம் அளவு காயில் வகைக்குத்தான் பொருள் தரும். சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை, கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும். ஐசி உள்ள சென்சாரில் ஓம் மீட்டர் காட்டும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. காயில் வகையிலும் ஓம் சரியாக இருப்பதே முழுச் சான்றாகிவிடாது. நுனியில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தாலும், சக்கரத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி கூடியிருந்தாலும் ஓம் மாறாது, சிக்னல் மெலிந்துபோகும். இந்த வகையின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி ஒட்டுப்போட்டால் அலை தலைகீழாகி, கம்ப்யூட்டர் கணக்கிடும் இடமே நகர்ந்துவிடும். எலி கடித்த வயரை அவசரத்தில் ஒட்டியவர்கள் சிலர் இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள்.

மூன்று வயர் வகைக்கு என் கணிப்பில் மிகப் பலன் தரும் ஒரே சோதனை, செலவே இல்லாதது. கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வயர் பக்கத்துக் கப்ளரின் மூன்று பின்களிலும் வோல்டேஜ் பார்ப்பது. ஒன்றில் சப்ளை: 5 வோல்ட் அல்லது பேட்டரி வோல்டேஜ். 1990-களின் கிறைஸ்லர் வண்டிகள் சிலவற்றில் இது 8 வோல்ட். எந்த வண்டிக்கு எவ்வளவு என்பதை வயரிங் டயகிராமில் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று எர்த். மூன்றாவதான சிக்னலில்தான் சூட்சுமம். பெரும்பாலான அமைப்புகளில் கம்ப்யூட்டரே தன் உள்ளிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை அந்த வயரில் அனுப்பி வைத்திருக்கிறது. சென்சார் செய்வதெல்லாம் அதைக் கீழே இழுப்பதும் விடுவதும்தான். ஆகவே சென்சாரே இல்லாமல் அந்தப் பின்னில் 5 வோல்ட் தெரிந்தால், கம்ப்யூட்டரின் அந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது, சிக்னல் வயர் நடுவில் அறுபடவில்லை, எர்த்தோடும் உரசவில்லை. ஒரே அளவில் சர்க்யூட்டின் பாதிக்கு நற்சான்று கிடைத்துவிடுகிறது. 0 காட்டினால் வயர் அறுந்திருக்கும், அல்லது எர்த்தில் பட்டிருக்கும், அல்லது கம்ப்யூட்டர் தன் 5 வோல்ட்டைத் தரவில்லை. 12 காட்டினால் பேட்டரி சப்ளையோடு எங்கோ ஷார்ட். இதற்கு விலக்கு ஒன்று உண்டு. இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர் சென்சாருக்குள்ளேயே இருக்கும் அமைப்புகளும், 12 வோல்ட்டைச் சிக்னலில் தரும் அமைப்புகளும் இருக்கின்றன. அங்கே 0 அல்லது 12 என்பது இயல்பு. டயகிராம் பார்க்காமல் மீட்டர் பிடிப்பவர் இங்கே நல்ல கம்ப்யூட்டரைச் செத்ததென்று சொல்லிவிடுவார்.

5 வோல்ட் சரியாக இருந்தால் இன்னொரு படி போகலாம். சிக்னல் பின்னை ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்தில் தொட்டுத் தொட்டு எடுத்தால் சென்சார் செய்யும் வேலையை நாமே செய்கிறோம். லைவ் டேட்டாவில் கேம் நிலை மாறுகிறதா என்று பார்க்கலாம். அதைக் காட்டாத ஸ்கேனரானால் பி0343 இருந்த இடத்தில் பி0342 வருகிறதா என்று பார்க்கலாம். மாறினால் கம்ப்யூட்டரும் வயரும் நிரபராதிகள்.

எர்த்தை எப்படிச் சோதிப்பது என்பதில் மெக்கானிக்குகளுக்குள் எப்போதும் ஒரு வழக்கு உண்டு. பீப் சத்தம் வந்தால் போதும் என்பவர்கள் ஒரு பக்கம்; பீப்பை நம்பாதே, லோடு கொடுத்துப் பார் என்பவர்கள் மறுபக்கம். ஒரே ஒரு இழை மிச்சமுள்ள வயரும் பீப் அடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் சிக்னல் வயரில் ஓடுவது சில மில்லி ஆம்பியர். ஒரு இழையே அதற்குப் போதும். லோடு சோதனை அவசியப்படுவது எர்த்திலும், ரிலே வழியாக வரும் 12 வோல்ட் சப்ளையிலும்தான். அங்கே சர்க்யூட் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் பிடித்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பல்பு உள்ள டெஸ்ட் லேம்ப்பை 5 வோல்ட் சப்ளையிலோ சிக்னலிலோ வைப்பது வேண்டாத வம்பு. அந்தப் பல்பு இழுக்கும் கரன்ட்டுக்கு அந்தச் சர்க்யூட் செய்யப்படவே இல்லை.

5 வோல்ட் சப்ளை தாழ்ந்து கிடந்தால் கேம் சென்சாரை விட்டுவிட்டு அக்கம்பக்கம் பார்க்க வேண்டும். அதே 5 வோல்ட் ஏசி அழுத்த சென்சார், மேனிஃபோல்டு சென்சார் என்று பலருக்கும் போகும் வண்டிகள் நிறைய. ஒருவர் உள்ளே ஷார்ட் ஆனால் எல்லோரும் சேர்ந்து விழுவார்கள். மீட்டரை சப்ளையில் மாட்டிவிட்டு ஒவ்வொரு சென்சாராகக் கழற்றிக்கொண்டே போனால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் நிமிர்கிறதோ அதுதான் கள்ளன்.

சப்ளை, எர்த், சிக்னல் மூன்றும் சரி என்றான பிறகே சென்சார் கூண்டில் ஏறுகிறது. இங்கே மல்டிமீட்டரின் எல்லையைச் சொல்லியாக வேண்டும். 600 ஆர்பிஎம் ஐடிலில் கேம் நொடிக்கு ஐந்து சுற்று சுற்றுகிறது. சக்கரத்தில் நான்கு பல் இருந்தால் நொடிக்கு இருபது துடிப்பு. அதை மீட்டரில் படிக்கப் பார்ப்பது, சுழலும் ஃபேனின் இறக்கையை எண்ணப் பார்ப்பதுபோல. சராசரியாக ஏதோ ஒரு எண் நிற்கும், அவ்வளவுதான். இதற்கு ஒரு மாற்று: கப்ளரை மாட்டி, பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி, இன்ஜெக்டர், இக்னிஷன் ஃப்யூஸ்களை எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் எஞ்சின் சுழலும் திசையிலேயே மெதுவாகத் திருப்புவது. இரண்டு சுற்றுக்குள் வோல்டேஜ் 5-க்கும் 0-க்கும் தாவித் தாவி வந்தால் சென்சார் பல்லைப் பார்க்கிறது. சில வகை ஹால் சென்சார்கள் குறைந்தபட்ச வேகம் இல்லாமல் பேசாது என்பதால், தாவவில்லை என்றால் உடனே குப்பைக்கு அனுப்பிவிடக் கூடாது.

ஒரே மாதிரி சென்சார் இரண்டு கேமிலும் உள்ள எஞ்சினானால் இதைவிட எளிய வழி உண்டு. இன்டேக் சென்சாரையும் எக்ஸாஸ்ட் சென்சாரையும் இடம் மாற்றிப் போட வேண்டும். பி0340 போய் பி0365 வந்தால் குற்றம் சென்சாரோடு இடம்பெயர்ந்துவிட்டது. எண் அசையாமல் நின்றால் வயரோ சக்கரமோ. புதுப் பாகம் வாங்காமலே கிடைக்கும் தீர்ப்பு இது.

உண்மையில் தண்ணி காட்டுவது இவை எதிலும் சிக்காத, விட்டுவிட்டு வரும் கோளாறு. வொர்க்‌ஷாப் வாசலில் வண்டி நன்றாகவே இருக்கும். சூட்டில் மட்டும் செத்து, அரை மணி ஆறியபின் உயிர்க்கும் சென்சார்கள் இதில் முதல் வகை; ஹேர் டிரையரால் சூடேற்றி சிக்னல் நிற்கிறதா என்று பார்த்துத்தான் பிடிக்க முடியும். இரண்டாவது எண்ணெய். சென்சாரின் ஓ-ரிங்கையோ உடலையோ கடந்து கப்ளருக்குள் கசியும் எஞ்சின் ஆயில், வயர் இழைகளின் ஊடாகவே ஊர்ந்து நெடுந்தூரம் போகும். சில வண்டிகளில் கம்ப்யூட்டரின் கப்ளர்வரைகூடப் போயிருக்கிறது. கப்ளருக்குள் எண்ணெய் தெரிந்தால் சென்சாரை மாற்றுவதோடு நிறுத்தாமல் மறுமுனையையும் திறந்து பார்ப்பது நல்லது. மூன்றாவது நம் ஊருக்கே உரியது. மழைத் தண்ணீரில் நின்ற வண்டி, பிரஷர் வாட்டரில் எஞ்சினைக் கழுவிய வண்டி, இரவில் எலி குடியிருந்த வண்டி. நான்காவது, மெயின் வயரிங்கில் ஒட்டுப்போட்டு மாட்டிய ஹார்னும் ஜிபிஎஸ்ஸும். சிக்னல் வயரை ஒட்டி ஓடும் அந்த வயர்களின் இரைச்சலைக் கம்ப்யூட்டர் பல் என்று எண்ணிவிடக்கூடும். எஞ்சின் ஓடும்போதே வயரிங்கை அங்குலம் அங்குலமாக அசைத்துக்கொண்டு, இன்னொருவர் லைவ் டேட்டாவைப் பார்ப்பது அலுப்பான வேலை. ஆனால் ஆயிரங்களை மிச்சப்படுத்துவது இந்த அலுப்புதான்.

மின்சாரப் பக்கம் முழுக்கச் சரியாக இருந்தும் பி0341-ஓ பி0016-ஓ நின்றுகொண்டிருந்தால் விஷயம் இரும்புக்குப் போய்விட்டது. நீண்டுபோன செயின், ஒரு பல் தாவிய பெல்ட், ஆயில் அழுத்தம் இல்லாமல் ஒட்டிக்கொண்ட கேம் ஃபேசர், கேமில் இடம் பிசகிய பல் சக்கரம். இங்கே இரண்டு சேனல் ஆசிலோஸ்கோப்புக்கு ஈடு எதுவும் இல்லை. ஒரு சேனலில் கிராங்க், மறு சேனலில் கேம். பல எஞ்சின்களில் கிராங்க் சக்கரம் 60 பல்லுக்கான இடத்தில் 2 பல் விட்டது. பல்லுக்கு 6 டிகிரி. அந்த வெற்றிடத்திலிருந்து எத்தனையாவது பல்லில் கேமின் விளிம்பு விழுகிறது என்று எண்ணி, நல்ல வண்டி ஒன்றில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் போதும். இரண்டு பல் தள்ளியிருந்தால் கிராங்கில் 12 டிகிரி பிசகு. டைமிங் கவரைத் திறக்காமலே செயினின் நிலை தெரிந்துவிடுகிறது. ஸ்கோப் என்றால் பெரிய கம்பெனிச் சமாச்சாரம் என்று ஒதுங்கியிருந்த காலம் போய்விட்டது. சிறிய கையடக்க ஸ்கோப்புகள் நல்ல மல்டிமீட்டர் விலைக்கே கிடைக்கின்றன. குறைவது ஒப்பிட்டுப் பார்க்க நல்ல படங்களின் சேமிப்பு. சர்வீசுக்கு வரும் நல்ல வண்டிகளில் ஐந்து நிமிடம் செலவிட்டுப் படம் எடுத்து வைக்கும் பழக்கம் வந்தால் அந்தக் குறையும் தீரும்.

பாகத்தின் தரம் பற்றி ஒரு வார்த்தை. சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ஒரே சென்சாருக்குப் பல விலை கேட்கலாம். மலிவான எல்லாமே போலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் உடலின் நீளமோ உள்ளிருக்கும் காந்தத்தின் வலுவோ சற்று மாறினாலும் சிக்னலின் விளிம்பு நகர்ந்துவிடும். வால்வ் டைமிங்கை டிகிரிக் கணக்கில் அளக்கும் எஞ்சினுக்கு அதுவே புதிய பிழையாகலாம். பி0340-க்காகப் போட்ட புது சென்சார் பி0341-ஐக் கொண்டுவந்தால் முதலில் அந்தப் புதுப் பாகத்தைச் சந்தேகிக்கலாம். கம்ப்யூட்டரைச் சந்தேகிப்பதோ, அதன் பின்னிலேயே நேராக அளந்து, நல்ல அலை உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தபிறகுதான். அந்த அளவு எடுக்காமல் ஈசியு மாற்றச் சொல்பவரிடம் அந்தப் பின்னின் எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் ஆகும் நேரம், கைப்பழக்கம் உள்ளவருக்குப் பெரும்பாலும் ஒரு மணிக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு மணிக்குக் கூலி கேட்கும் வழக்கம் இங்கே வேர்விடவில்லை என்பதுதான் சிக்கல். பாகத்தை மாற்றினால் பில்லில் எழுத ஏதோ இருக்கிறது. “சோதித்தேன், சென்சார் நல்லது” என்பதற்குக் காசு கொடுக்க வாடிக்கையாளர் தயங்குகிறார். சோதனைக் கட்டணம் என்று தனியாகச் சொல்லி, பழுது உறுதியானால் அதை வேலைக் கூலியில் கழித்துக்கொள்வது இருவருக்கும் நியாயமான ஏற்பாடு.

பழுது நீக்கியபின் குறியீட்டை அழித்து, விளக்கு அணைந்ததும் சாவியைக் கொடுத்துவிட முடியாது. எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, அணைத்து, இருபது நிமிடம் சூட்டிலேயே நிற்கவிட்டு மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி, ஹார்ன் எல்லாம் போட்டபடி ஓட்டிப் பார்த்து, நிலுவைக் குறியீடு ஏதும் விழுந்திருக்கிறதா என்று ஸ்கேனரை மறுபடி மாட்ட வேண்டும். பல வண்டிகளில் இரண்டு பயணங்களில் தொடர்ந்து பிழை கண்டால்தான் விளக்கு எரியும். முதல் பயணத்தில் நிலுவையில் மட்டும் பதிவாகும். ஈரத்தில் வந்த கோளாறானால் அடுத்த மழைக்குப் பிறகு ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொல்லி அனுப்பலாம்.